மருதாத்தாளின் கடலைக் காடும் இடுக்கியிலிருந்து வந்த வண்டியும்

மருதாத்தாள் குனிந்து ஒரு கடலைச் செடியின் தூரை இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி ஊன்றி, இழுத்தாள். செடி கையோடு வந்தது. காய் ஒன்றுகூட வரவில்லை. தண்டு தரையோடு அறுந்து, காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த செடியும் அப்படியே அறுந்தது. மூன்றாவது செடியைக் களைக்கொத்தால் சுற்றிலும் கொத்தினாள். இருபது கொத்துக்கு மேல் விழுந்த பிறகு, செங்கல் பெயர்வது போல ஒரு கட்டி பெயர்ந்தது. அதை உடைத்துக் காயை எடுத்தாள். தோட்டைப் பிளந்து உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பழுப்பேறியிருந்தது. முற்றின காய்.

"பாத்தீங்களா நர்சம்மா? காய் தயாருங்க. மண்ணுதான் உடமாட்டேங்குது."

அது 1974, புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. கஞ்சிக்கோட்டில் கோயம்புத்தூர் ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே அவளுடைய மூன்று ஏக்கர் இருந்தது. மழையை நம்பி விளையும் நிலத்தை அந்தப் பக்கத்தில் காடு என்பார்கள். ஆடிக் கடைசியில் பெய்த மழைதான். அதற்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் இராப்பகலாக அடித்து, செம்மண்ணைச் சுட்ட ஓடாக்கி வைத்திருந்தது. வியாழக்கிழமை காலையில் அந்த மூன்று ஏக்கரும் தொழிற்சாலைக்குப் போகிறது. புல்டோசர் வருகிறது என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். நடுவில் இரண்டு நாள்.

நான் அப்போது அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போகிற நர்ஸ். சின்னக்கானல் எஸ்டேட் டிஸ்பென்சரியில் சில வருஷம் இருந்துவிட்டுக் கஞ்சிக்கோட்டுக்கு மாற்றலாகி வந்தவள். மருதாத்தாளின் வீட்டுக்காரர் சென்னியப்பன் பக்கவாதத்தில் விழுந்து இரண்டாவது வருஷம். வலது கை, வலது கால் இரண்டும் அசையாது. வாய் மட்டும் முழுசாக இருந்தது. முதுகில் படுக்கைப் புண். வாரம் இரண்டு தரம் போய்க் கட்டுப் பிரிப்பேன். அவள் அவரைப் புரட்டுகிற விதத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த பெண்களுக்குக்கூட இந்தக் கை வராது என்று நினைத்திருக்கிறேன். ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு, ஒரே மூச்சு. அவ்வளவுதான்.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவள். பதினாறில் கஞ்சிக்கோட்டுக்கு வாழ வந்தாள். இரண்டு பெண்கள், இரண்டு பேரையும் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்து, இன்று உழலாமா நாளை உழலாமா என்று சொல்வாள். சென்னியப்பன் விழுந்த பிறகு அந்த மூன்று ஏக்கரையும் தனியாகவே பார்த்தாள்.

இந்த இக்கட்டு வந்தது அவள் சொன்ன ஒரு வார்த்தையால். அதை அவளே ஒளிக்காமல் சொல்வாள்.

முந்தின வருஷம் பங்குனியில் தொழிற்சாலைக்கு நிலம் அளக்க வந்தார்கள். அது லெவி இருந்த காலம். நெல் விளைத்தவர்கள் ஒரு பங்கைச் சர்க்கார் சொல்கிற விலைக்கு அளந்தே ஆக வேண்டும். அதனால் நோட்டும் பேனாவுமாக யார் வந்து நின்றாலும் விளைச்சலைக் குறைத்துச் சொல்வது அங்கே குடியானவர்களின் வழக்கம். யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். அளக்க வந்தவர் "இங்கே என்ன விளையும்?" என்று கேட்டார். பங்குனி மாதம், காடு வெறுமையாகக் கிடந்தது. மருதாத்தாள், "இது வெறும் கரடுங்க, ஒண்ணும் விளையாதுங்க," என்றாள். அவர் 'தரிசு' என்று எழுதிக்கொண்டு போனார்.

பயிர் நிலம் என்று எழுதியிருந்தால் அறுவடை வரைக்கும் விட்டிருப்பார்கள். தரிசுக்கு ஒரு வாரத் தவணைதான்.

நிலத்துக்குக் கிடைத்ததை வைத்து எருத்தேன்பதியில் இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தாள். அங்கே முள் வெட்டி, கல் பொறுக்கிச் சீர் செய்ய ஒரு வருஷமாகும். கஞ்சிக்கோட்டில் வேலை தைக்கு மேல்தான் ஆரம்பிக்கும் என்று ஊரில் பேச்சு இருந்தது. ஆகையால் வைகாசியில் தன்னிடம் இருந்த விதைக்காய் அத்தனையையும் பழைய காட்டிலேயே போட்டுவிட்டாள். இப்போது அந்தக் காய் மண்ணுக்குள் இருந்தது. அது வெளியே வந்தால் எருத்தேன்பதியில் அடுத்த வைகாசிக்கு விதை உண்டு. வராவிட்டால் அந்த இரண்டு ஏக்கரும் சும்மா கிடக்கும். வீட்டில் படுத்திருப்பவருக்குக் கஞ்சி வேண்டும், எனக்கு மருந்துத் துணி வேண்டும். வேறு வழி எதுவும் அவளுக்கு இல்லை.

சென்னியப்பன் விடவில்லை. நான் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார்.

"நர்சம்மா, கடலைக்கு லெவி உண்டுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"இல்லீங்க. நெல்லுக்குத்தானுங்க. எங்க ஊட்டுல நெல்லே கெடயாது. இவ எந்த நெல்லுக்குப் பயந்து பொய் சொன்னான்னு கேளுங்க."

"நீங்க அன்னைக்கு நல்லா இருந்திருந்தா, விதைக்கவே ஆளில்லீங்கன்னு அழுதிருப்பீங்க," என்றாள் மருதாத்தாள். அவர் சிரித்தார். புண்ணில் மருந்து படும்போது சிரித்த நோயாளி எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ச் சூப்பர்வைசரைப் பார்த்தாள். எனக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்ததால் கூடப் போனேன். அவர் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. கெட்டவரில்லை. காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார்.

"அம்மா, இதில தரிசுன்னு அல்லே எழுதியிருக்கு? நீங்க தன்னே பறஞ்சது. பத்து நாள் தள்ளி வைக்க நான் ஆரு? வண்டி இடுக்கியில இருந்து வருது. ஒரு நாள் நின்னா மேல இருக்கிறவங்க என்னைத் திங்கும்."

"ஒண்ணும் விளையாதுன்னு சொன்னேனுங்க. வந்து பாருங்க, விளைஞ்சிருக்குதுங்க."

"விளைஞ்சதை எடுத்துக்கோ. ஆரு வேண்டாம்னு சொன்னது? வியாழாழ்ச்ச காலையில வண்டி இறங்கும்."

எடுத்துக்கொள்வதுதான் முடியவில்லை. நீர் பாய்ச்சி மண்ணை இளக்கலாம் என்றால், தொழிற்சாலைக்குப் புது மின்கம்பம் நடும்போது பக்கத்துக் காட்டுக் கிணற்று மோட்டாருக்கு வந்த கம்பியைக் கழற்றிவிட்டார்கள். உழுது கிளப்பலாம் என்றால், சுற்று வட்டாரத்தில் எல்லோரும் நிலத்தைக் கொடுத்த கையோடு மாட்டையும் விற்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஊரில் குப்பண்ணன் வீட்டு ஜோடி ஒன்று. அதைப் பூட்டிப் பார்த்தாள். கலப்பைக் கொழு மண்ணில் இறங்காமல் மேலேயே துள்ளித் துள்ளி ஓடியது. அரை மணியில் மாடு வாயில் நுரை தள்ளியது. கொத்தி எடுக்க ஆள் கூப்பிடலாம் என்றால், ஊர்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் தொழிற்சாலைச் சுற்றுச்சுவருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டார்கள். மருதாத்தாளும் பக்கத்துக் காட்டுச் செல்லாத்தாளும் இன்னொருத்தியும் சேர்ந்து இரண்டு நாள் கொத்தினார்கள். புதன்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தபோது ஒரு மூட்டைகூட நிரம்பவில்லை. செல்லாத்தாளின் உள்ளங்கை கிழிந்திருந்தது. துணி சுற்றிவிட்டேன்.

அன்று மத்தியானம் வண்டி வந்தது.

எனக்கு ஐம்பது வருஷ வேலை. பிரசவமும் பார்த்திருக்கிறேன், பிணமும் பார்த்திருக்கிறேன். சட்டென்று வாயைப் பிளக்கிறவள் இல்லை. ஆனால் அந்த வண்டி ரோட்டில் திரும்பியபோது கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பதினாறு சக்கரம் வைத்த நீளமான லாரி. அதன் மேல் மஞ்சள் நிறத்தில், எங்கள் ஓட்டு வீட்டைவிடப் பெரிதாக ஒரு பொருள். லாரி ரோட்டை விட்டு இறங்கியதும் தரை காலுக்கடியில் நடுங்கியது. சுவர் வேலை நின்றது. ரயில் கேட்டில் நின்ற ஆட்கள் வேலி ஏறிக் குதித்து ஓடி வந்தார்கள். சங்கிலிச் சக்கரம் பலகையில் உருள, அது கீழே இறங்கியது. முன்னால் தொங்கிய தகடு நான்கு பேர் படுக்கலாம் போலிருந்தது.

புல்டோசர் ஓட்டுகிறவன் பெயர் சுடலை. திருநெல்வேலிப் பக்கம். ஐந்து வருஷம் இடுக்கி அணை வேலையில், செறுதோணியில், இந்த வண்டியை ஓட்டியவன். அங்கே வேலை தீர்ந்ததும் காண்டிராக்டர் வண்டியையும் அவனையும் சேர்த்து இங்கே அனுப்பிவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் ஈரத் துண்டு, காதில் பஞ்சு.

எல்லோரும் தூர நின்று பார்த்தார்கள். மருதாத்தாள் மட்டும் கிட்டப் போய், சந்தையில் மாடு பிடிக்கிறவள் சுற்றி வருவது போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டாள். அங்கே மூன்று இரும்புப் பற்கள், ஒவ்வொன்றும் ஆள் இடுப்பு உயரம், கீழே வளைந்த நுனியோடு மேலே தூக்கி மடித்து வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, பின்னால தூக்கி வெச்சிருக்கீங்களே, இது என்னங்க?"

"அதுவாம்மா? ரிப்பர்னு சொல்லுவோம். தரை கெட்டியா இருந்தா தகடு எறங்காது பாத்தியளா, அப்ப இதப் போட்டுக் கிளறிட்டு, பெறவு தள்ளுவோம்."

"மண்ணுல இறங்குமுங்களா?"

"மண்ணா? மலையிலேயே எறங்கியிருக்கு."

"எத்தனை ஆழமுங்க?"

"நீங்க கேக்க ஆழம். மூணடி வரைக்கும் போவும்."

"ஒரு சாணுக்கு வெச்சு நிறுத்த முடியுங்களா?"

சுடலை காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "என்னம்மா சொன்னிய?" என்றான். அவள் மறுபடி சொன்னாள். கையை விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை காட்டினாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சிஸ்டர், இந்த அம்மா எதுக்கு அளவு கேக்காவ?"

"அந்தக் காட்டுல மண்ணுக்குள்ள கடலை இருக்கு. பிடுங்க முடியல. உழுதாத்தான் வரும்," என்றேன்.

"மலையத் தள்ளுன வண்டி சிஸ்டர் இது. கடலை பிடுங்கவா கொண்டாந்திருக்கு? சாண் கணக்குல எல்லாம் இத ஓட்ட முடியாது."

"ஓட்டத் தெரியாதுன்னு சொல்லுங்க சாமி," என்றாள் மருதாத்தாள் பதமாக. "நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலையின் முகம் மாறியது.

"எனக்கா தெரியாது? ஒரு ஆள் நிக்கக்கூட எடமில்லாத சரிவுல வண்டிய நிறுத்தி எறக்குனவன் நான். காலையில ஆறு மணிக்கு வாங்க. சூப்பர்வைசர் வருததுக்கு முன்னால ஒரு சால் போட்டுக் காட்டுதேன்."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் போனேன். போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. பார்க்க வேண்டும் என்றிருந்தது.

முதல் சால் கெட்டது. பற்கள் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டன. மண் கதவுப் பலகை அளவு பாளம் பாளமாகப் பெயர்ந்து, செடி மேலேயே கவிழ்ந்தது. மருதாத்தாள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடி நின்றாள். சுடலை நிறுத்தி, மேலிருந்து கத்தினான்.

"சாவுதியளா? வண்டிக்கு முன்னால யாராவது வருவாவளா?"

"மாட்டுக்கு முன்னாலதானுங்க நிப்போம்! ஆழமுங்க! தூக்குங்க! இன்னுங் கொஞ்சம்!"

அவன் நெம்புகோலை இழுத்து, பற்களை மேலே தூக்கினான். அவள் பின்னால் போய், பல் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கையை வைத்து அளந்தாள். இன்னும் நாலு விரல் என்றாள். தூக்கினான். "இப்ப மெதுவாப் போங்க. வெசையாப் போனா மண்ணு பறக்குமுங்க." இரண்டாவது சால் போயிற்று. பற்களுக்கு நடுவிலிருந்த தரையும் வெடித்து எழுந்தது. ஆனால் கட்டிகள் பெரிது. தூக்கினால் அம்மிக்கல் கனம்.

அவள் சால் கடைசிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாத்தையும் இப்படி ஓட்டிட்டு, குறுக்க ஒரு தரம் ஓட்டுங்க தம்பி. தெக்கு வடக்கு ஓட்டுனது போதும், கிழக்கு மேக்கு ஓட்டுங்க. கட்டி தானா உடையும்."

"ரெண்டு தரமா? டீசலுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். தகடு இறங்காமல் வண்டி காட்டில் உழுதுகொண்டிருப்பதைப் பார்த்து ஓடி வந்தார். மருதாத்தாள் பேச வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு சுடலை பேசினான்.

"சார், தரை பாறையா கெடக்கு. தகட்ட எறக்குனா வண்டி அதுக்கு மேல ஏறி ஓடும். பல்லு போட்டுக் கிளறாம மட்டம் வராது."

"சத்தியமா?"

"நீங்களே கொத்திப் பாருங்க."

சூப்பர்வைசர் மருதாத்தாள் கையிலிருந்த களைக்கொத்தை வாங்கி, உழாத இடத்தில் ஓங்கிப் போட்டார். கொத்து துள்ளி அவர் பூட்ஸ் மேல் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தத் தரையில் இரண்டு நாள் கொத்தியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

"செரி. உச்சை வரைக்கும். பன்னிரண்டு மணிக்குத் தகடு எறங்கணும்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் நம்புவது கஷ்டம்.

வண்டி தெற்கே போய்த் திரும்பி வடக்கே வந்தது. அதன் பின்னால் தரை மூச்சு விட்டது போல மேலே எழுந்தது. மேலெல்லாம் வெளுத்துக் கிடந்த காடு, உள்ளே இரத்தச் சிவப்பாகத் திறந்துகொண்டது. அடி ஈரத்தின் வாசனை வந்தது. அவ்வளவு காய்ந்த தரைக்கு அடியில் ஈரம் இருந்திருக்கிறது. ஒரு ஜோடி மாடு எட்டு நாள் உழ வேண்டிய நிலம். வண்டி அதை இரண்டு மணி நேரத்தில் ஒரு தரம் ஓட்டி முடித்து, குறுக்கே திரும்பியது. குறுக்குச் சாலில் கட்டிகள் தேங்காய் அளவுக்கு உடைந்தன. செடிகள் வேரோடும் காயோடும் மேலே கிடந்தன. எங்கிருந்தோ கொக்குகள் வந்தன. ஏருக்குப் பின்னால் இறங்குவதைப் போலவே அந்த இரும்புக்குப் பின்னாலும் வரிசையாக இறங்கிப் புழு பொறுக்கின.

எடுக்கத்தான் ஆள் போதவில்லை. மருதாத்தாள் வரப்பில் ஏறி, சுற்றுச்சுவர்ப் பக்கம் திரும்பிக் கூவினாள்.

"ஏனுங்க அம்மிணிகளா! ஏரு ஓடுதுங்க! எட்டுக்கு ஒண்ணு!"

அந்தப் பக்கத்தில் அது வழக்கம். கடலை உழும்போது யார் வந்து பொறுக்கினாலும், எட்டுப் பங்கில் ஒரு பங்கு காய் பொறுக்கினவருக்கு. எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுவரோரத்தில் சட்டியும் தலையுமாக நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருத்தி சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு எல்லோரும். முப்பது பேருக்கு மேல் இருக்கும். மேஸ்திரி பின்னாலேயே ஓடி வந்தார்.

"சிமெண்டு குழைச்சு வெச்சிருக்கு! காய்ஞ்சு போயிரும்டீ!"

"சிமெண்டு நாளைக்கும் குழைக்கலாமுங்க மேஸ்திரி! கடலை இன்னைக்கு மட்டுந்தான்!" என்றாள் ஒருத்தி ஓடிக்கொண்டே.

நானும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். முப்பது பேர் ஒரே வரிசையில் குனிந்து, தூக்கி, உதறி, பின்னால் வீசினோம். மண் சூடாக இருந்தது. ஒருத்தியும் நிமிரவில்லை.

பத்து மணிக்குச் சென்னியப்பன் ஆள் அனுப்பினார். தன்னையும் தூக்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வண்டிச் சத்தத்தை வீட்டுக்குள் படுத்துக்கொண்டு கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்து, கட்டிலோடு தூக்கி வரச் சொன்னேன். புண் படாமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நான்கு பேர் தூக்கி வந்து, காட்டுக்கு வெளியே ரோட்டோர வேம்படியில் இறக்கினார்கள். வண்டி போகும் பக்கமெல்லாம் அவர் கண்ணும் போனது.

வண்டி இரண்டு தரம் போய்வந்த பிறகு, "எங்கப்பனும் நானும் சேர்ந்து இந்தக் காட்டை அறுபது வருஷம் உழுதோமுங்க நர்சம்மா," என்றார். "இத்தனை கெட்டி மண்ணை ஒரு நாளும் திருப்புனதில்லீங்க. மழை வர்ற வரைக்கும் வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்போம்." பிறகு காயைக் குவித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏம் புள்ள! சீக்கிரம் மூடு! லெவிக்காரன் வர்றான்!"

காட்டில் நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், நிமிராமல்.

பன்னிரண்டு அடிக்கும்போது கிழக்கு ஓரத்தில் பொறுக்க ஒரு பட்டை மிச்சமிருந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்தபோது அந்தப் பட்டையும் முடிந்திருந்தது. குவியலைச் சாக்கில் அள்ளி வேம்படிக்கு மாற்றினார்கள்.

பிறகு தகடு இறங்கியது. கிளறிக் கிடந்த மண்ணைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளியது. வரப்பு போயிற்று. களம் போயிற்று. கிணற்றுமேடு போயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்த இடம் யாருடைய காடு என்று சொல்ல முடியவில்லை. ரயில் பாதையிலிருந்து ரோடு வரைக்கும் ஒரே சிவப்புத் தளம், ஊரே அதில் படுக்கலாம் போல. அதன் மேல் வெயில் சாய்ந்து விழுந்தது. ஒருவேளை அழுவாளோ என்று மருதாத்தாளைப் பார்த்தேன்.

"நெம்ப நேர்த்தியா மட்டம் பண்றான்," என்றாள். "உழவுதான் மொதல்ல சரியா வரலை."

அவளை அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் எனக்குத் தெரியும். எருத்தேன்பதியில் அந்த இரண்டு ஏக்கரைக் கல் பொறுக்கிச் சீர் செய்து கடலை போட்டாள். பிறகு ஓர் ஏக்கர் சேர்த்தாள். சென்னியப்பன் மேலும் ஆறு வருஷம் இருந்தார். புண் ஆறியது, பிறகு வரவே இல்லை. அது அவள் கை. கஞ்சிக்கோட்டில் அந்தத் தளத்தின் மேல் கொட்டகை எழும்பி, பிறகு பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று என்று, நான் வேலையிலிருந்து நிற்கும்போது இரண்டு பக்கத்து மலைக்கும் நடுவே இராத்திரியில் இருட்டு என்பதே இல்லாமல் போய்விட்டது. கோயம்புத்தூர் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்ப்பாளாம். "எத்தனை பேருங்க உள்ள வேலை செய்யறாங்க நர்சம்மா?" என்று என்னிடம் கேட்பாள். தொகையைச் சொன்னால், "அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்துங்க வருது?" என்பாள். குறையாகச் சொல்வதல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது.

அந்த வியாழன் முடிந்து, வெள்ளிக்கிழமை காலையில் நான் சென்னியப்பனை எருத்தேன்பதிக்கு வண்டியேற்றப் போனேன். குப்பண்ணன் வீட்டு மாட்டு வண்டி வேம்படியில் நின்றது. பொறுக்கின பெண்களுக்கு எட்டில் ஒன்று முந்தின நாளே அளந்தாயிற்று. மிச்சம் பதினாலு மூட்டை வரும். ஆனால் ஒரு மூட்டையும் வாய் கட்டாமல் திறந்தே இருந்தது. உழுதவனுக்கு அளந்த பிறகுதான் நிலத்துக்காரர் மூட்டையைக் கட்ட வேண்டும். மருதாத்தாள் வள்ளத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மூட்டையைக் குப்பண்ணன் தலையில் ஏற்றி, மஞ்சள் வண்டி நிற்கிற இடத்துக்குப் போனாள். வள்ளம் என்பது அவர்கள் தானியம் அளக்கிற பாத்திரம், நாலு படி பிடிக்கும். சுடலை வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"துண்டை விரிங்க தம்பி."

"எதுக்கும்மா?"

"ஏரோட்டுன கூலிங்க."

"எனக்குத்தான் காண்டிராக்டர் சம்பளம் தாராரு."

"அது தகட்டுக்குங்க. பல்லுக்கு அவரு தரலை. விரிங்க."

அவன் என்னைப் பார்த்தான். வாங்கிக்கொள் என்று தலையசைத்தேன். எண்ணெய்க் கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துவிட்டு, தலைத் துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்தான். அவள் உட்கார்ந்து, தலை தட்டாமல் கூம்பலாக, நாலு வள்ளம் அளந்து போட்டாள். துண்டு கொள்ளவில்லை. அவன் ஓடிப் போய் வண்டி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டு வந்தான்.

"அணையில அஞ்சு வருஷம் ஓட்டுனேன்," என்றான், சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு. "யாரும் இப்படிக் கூப்ட்டுக் குடுத்ததில்ல."

"அங்க என்னங்க விளைஞ்சுது, குடுக்கறதுக்கு?" என்றாள் மருதாத்தாள்.

வேம்படிக்குத் திரும்பி வந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக வாய் கட்டினாள். விதைக்கென்று நல்ல காயாகப் பார்த்து ஒதுக்கிய ஐந்து மூட்டையை அடியில் வைக்காமல், அழுந்தாதபடி வண்டியின் பின்பக்கம் தனியாக அடுக்கினாள். மற்றவற்றின் மேல் வைக்கோல் பரப்பி, அதன் மேல் சென்னியப்பனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு. முதுகுக்கு நான் ஒரு தலையணை கொடுத்தேன். அவள் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கோயம்புத்தூர் ரோட்டில் ஏறும் இடத்தில் எதிரே நீள லாரிகள் இரண்டு, இன்னும் இரண்டு மஞ்சள் வண்டிகளைச் சுமந்துகொண்டு திரும்பின. அவள் மாட்டை ஓரமாக நிறுத்தி அவற்றைப் போக விட்டாள். இரண்டுக்கும் பின்பக்கம் பல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கயிற்றைச் சுண்டி, வண்டியை ரோட்டில் ஏற்றினாள்.